ஏழு நாள் மட்டுமே வாழ்ந்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் 11

"கையெழுத்துப் போட முடியலன்னா பரவாயில்லம்மா. இடது கை ரேகை போதும்" என்றார் மேனேஜர்.

சொன்னதோடு நிற்காமல் மை டப்பாவையும் மேஜை மேல் தள்ளி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள், அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வெட்டு மெஷின் ஓட்டிய ஆபரேட்டரின் மனைவி. போன வாரம் செவ்வாய்க்கிழமை அதே மெஷின் அவள் புருஷனின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மனிதர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். அவரிடம் ரேகை வாங்கி வர வேண்டிய காகிதம் இவள் மடியில் இருந்தது.

அவளுக்குத் துணையாக வந்து பக்கத்து நாற்காலியில் இருந்த கடுகு, அந்தக் காகிதத்தை உருவி வாசித்தாள். 'அனுமதி இல்லாமல் நான் போட்ட அப்டேட்டால்தான் மெஷினின் காவல் கண் பழுதானது. நடந்த விபத்துக்கு நானே முழுப் பொறுப்பு.'

வாசித்து முடித்ததும் அவள் காது மடல் சிவந்தது. கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நாலே முக்கால் அடி உயரத்தில் துப்பறியும் தொழில் செய்ய வந்தவளிடம் முதல் வழக்கிலேயே மாட்டிய ஒருவன், "கடுகு சிறுத்தாலும் காரம் குறையலையே" என்று புலம்பிவிட்டுப் போக, அதுவே ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தெட்டாகியும் காரம் குறையவில்லை. குறைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு அவருக்கும் ஒரு முறைப்புத்தான் கிடைத்தது.

"சார், இதை எழுதினது யாரு?"

"அவன் சொல்லச் சொல்ல ஆபீஸ்ல எழுதினது."

"மயக்க மருந்துல கிடக்கிற மனுஷன் 'முழுப் பொறுப்பு'ன்னு அழகா சொன்னாராக்கும்?"

"அண்ணி, மயக்கத்துலதான் உண்மை வரும்பாங்க" என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற கொழுந்தன். "சாருக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா?"

கடுகின் புருஷனுக்குத் தம்பி. நாற்பத்திரண்டு வயது, வழுக்கை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் கேலி பேசியே விரட்டி, கடையை மூடிவிட்டு அண்ணியின் ஆபீசில் வந்து ஒண்டியவன். வாய் நீளம்தான். ஆனால் செத்த கம்ப்யூட்டரையும் எழுப்பிப் பேச வைத்துவிடுவான் என்பதால் கடுகு பொறுத்துக்கொள்கிறாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு விசாரணை முடியுது. இந்தக் காகிதம் வந்தாலும் வராட்டாலும் அறிக்கை போயிடும். அவன் பென் டிரைவ் கம்ப்யூட்டர்ல சொருகினபடியே இருந்தது. வேற என்ன சாட்சி வேணும்?"

"சார்" என்றாள் ஆபரேட்டரின் மனைவி. இதுவரை வாயே திறக்காதவள். "அவரு தப்பு பண்ணியிருந்தா நானே ரேகை வாங்கித் தர்றேன். பண்ணலன்னா அப்படி எழுதாதீங்க. நாளைக்கு எம் பொண்ணு, 'அப்பா கைய அப்பாவே வெட்டிக்கிட்டாராம்மா'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

தொழிலாளர் இலாகாவிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அவர் அப்படித்தான். அறையில் யாராவது தும்மினால்கூட மணி போட்டு எழுதிவிடுவார்.

"மணி மூணு" என்று எழுந்தாள் கடுகு. "அந்த அப்டேட் உள்ள போச்சா, போகலையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். கம்ப்யூட்டரைக் காட்டுங்க."

வெட்டுக்கூடத்தில் மெஷின் நின்றிருந்தது. ஒரு சின்ன அறை அளவுக்குப் பெரியது. பிளேடுக்கு இரண்டு பக்கமும் கறுப்புக் கம்பங்கள். அவற்றுக்கு நடுவே ஓடும் ஒளிதான் காவல் கண். கை குறுக்கே வந்தால் பிளேடு அந்த நொடியே நிற்க வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை. தரையை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் பாதி அவசரமாவது ஆபரேட்டரை ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதில் காட்டியிருக்கலாம் என்று கடுகு பல்லைக் கடித்தாள்.

மெஷினை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. கதவில் பூட்டு, அதன் மேல் காகித சீல்.

"விபத்து நடந்த அன்னைக்கு சாயங்காலமே நானே பூட்டி, நானே சீல் வெச்சேன்" என்றார் மேனேஜர். "ஒரே சாவி. அன்னையிலேருந்து என் பாக்கெட்லதான் இருக்கு. நான் உட்பட ஒரு ஈ காக்கா உள்ள போகல. எழுதிக்குங்க சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். சீலைக் கிழித்தார், அதையும் எழுதினார். உள்ளே கம்ப்யூட்டரை உயிர்ப்பித்ததும் அது முனகி, இருமி, ஐந்து நிமிஷம் கழித்து ஒரு நீலத் திரையைக் காட்டியது. திரையில் என்னென்ன படம், எந்த மூலையில் என்ன எழுத்து என்று அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"அட, இந்தப் பெருசு இன்னும் இருக்கா!" என்று கொழுந்தன் நாற்காலியில் விழுந்தான். "அண்ணி, இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பெத்த கம்பெனியே இதுக்குத் தலைமுழுகி எட்டு வருஷமாச்சு. இனிமே அப்டேட்டும் கிடையாது, ஏன்னு கேக்க ஆளும் கிடையாது."

"மாத்தியிருக்கலாமே?"

"மெஷின் இதோட மட்டும்தான் பேசும்" என்றார் மேனேஜர் எரிச்சலாக. "நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு மாத்தணும்?"

நல்லா ஓடிட்டிருக்கிறது! மூன்று விரல் போன இடத்தில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சு. கடுகு வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் கையை நீட்டினான். அறையைப் பூட்டுமுன்பே கழற்றி ஒப்படைத்திருந்த பென் டிரைவை, அதிகாரி சாட்சிப் பொருள் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டே இரண்டு கோப்புகள். பெயருக்கு முன்னால் 1, 2 என்று எண் போட்டிருந்தது.

"ஆளு கில்லாடிதான்" என்றான் கொழுந்தன். குரலில் கேலி இல்லை. "ரெண்டாவது கோப்பு, மெஷின் கம்பெனி போன வருஷம் இந்த மாதிரி பழைய மெஷினுக்குன்னே விட்ட அப்டேட். காவல் கண்ணு திடீர்னு அசந்துடற கோளாறுக்கு மருந்து. முதல் கோப்பு அதுக்கு முன்னாடி போட வேண்டியது. அப்டேட் அசல்னு காட்டற புது முத்திரையை இந்தப் பழசுக்குப் படிக்கத் தெரியாது. முதல்ல அதைக் கத்துக்கொடுத்தாத்தான் ரெண்டாவதை உள்ள விடும். எங்க தொழில்லயே பாதிப் பேருக்கு இந்த வரிசை தெரியாது."

"மெஷின் கம்பெனிக்கு ஆறு தடவை போன் பண்ணிக் கேட்டாரு" என்றாள் மனைவி. "கண்ணு தூங்குது, கண்ணு தூங்குதுன்னு வீட்டுலயும் அதே பேச்சுதான். மேனேஜர் சார்கிட்டயும் சொன்னாரு."

"என்கிட்ட யாரும் சொல்லல" என்றார் மேனேஜர்.

கொழுந்தன் அப்டேட் வரலாற்றைத் திறந்தான். திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறிகள். அவன் உருட்ட உருட்ட அவை போய்க்கொண்டே இருந்தன.

"முப்பத்தோரு தடவை போட்டிருக்காரு. முப்பத்தொண்ணும் தோல்வி. ஒரு தடவைகூட உள்ள போகல."

கடுகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா சார்? உள்ளயே போகாத அப்டேட், காவல் கண்ணை எப்படிக் கெடுக்கும்? வாங்காத மாத்திரையால வயித்து வலி வருமா?"

மேனேஜர் விடவில்லை. "முப்பத்தோரு தடவை நோண்டினான்னு அதே திரை சொல்லுதில்ல? நோண்டினதுல கெட்டிருக்கும்."

"அண்ணி" என்றான் கொழுந்தன். "ஒரு விசித்திரம் பாருங்க. முப்பத்தோரு தடவையும் ஒரே தேதி. ஜூலை ஆறு, திங்கக்கிழமை. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஜூலை."

"ஒரே நாள்ல முப்பத்தோரு தடவை போட்டாரா?"

"எல்லாமே காலையில ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் நடுவுல. ஒரே கால்மணி நேரத்துல முப்பத்தோரு தடவை போடணும்னா இந்தக் கம்ப்யூட்டர் பறக்கணும். இது எழுந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. தோல்விக்குக் காரணமும் ஒரே எண்தான், 800B0101." அவன் திரையின் மூலையைத் தட்டினான். "இப்ப இதோட கணக்குல இன்னைக்கு ஜூலை எட்டு."

கடுகு இரண்டு எட்டு நடந்தாள், நின்றாள். அவளுக்கு யோசனை வருவதற்கு முன்னால் கோபம்தான் வரும். வந்துவிட்டது. "அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?"

"முத்திரையோட தேதியும் கம்ப்யூட்டரோட தேதியும் ஒத்துவரலன்னு அர்த்தம். அப்டேட் பொறந்தது போன வருஷம். கம்ப்யூட்டர் உக்காந்திருக்கிறது அதுக்கு முந்தின வருஷத்துல. இன்னும் பொறக்காத பிள்ளை வந்து கதவைத் தட்டினா யாரு திறப்பாங்க?"

"யாரோ தேதியைப் பின்னால தள்ளியிருக்காங்க."

"ஒரு தடவை இல்ல அண்ணி, வாரா வாரம். ஒவ்வொரு திங்கக்கிழமையும் இதுக்கு ஜூலை ஆறுதான். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு வரைக்கும் போகும், மறுபடி ஆறு. இதோட ஆயுசே ஏழு நாள்தான். பதின்மூணாம் தேதியை இது பார்த்ததே இல்ல."

"பதின்மூணுல என்ன இருக்கு?"

"எனக்கும் அதே ஆசைதான். தேதியைச் சரி பண்ணட்டா?"

"கூடாது!" என்று மேனேஜர் கத்தினார். "சாட்சியில கை வைக்கக் கூடாது!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். திரையைத் தன் செல்போனில் நாலு படம் எடுத்தார். "பண்ணுங்க. மணி மூணு முப்பத்தொண்ணு" என்று எழுதினார்.

கொழுந்தன் தேதியை இன்றைக்கு மாற்றினான். முதல் கோப்பைத் தட்டினான். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து முழுதாக நிரம்பியது. கம்ப்யூட்டர் ஒருமுறை முனகியது. இரண்டாவது கோப்பு. மறுபடி பச்சைக் கோடு, மறுபடி நிரம்பியது. 'அப்டேட் வெற்றிகரமாக நிறுவப்பட்டது.'

மெஷினின் கறுப்புக் கம்பங்களில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பிறகு, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது.

'காவல் கண் சோதனைக் கெடு ஜூலை 13-இல் முடிந்துவிட்டது. சோதனை செய்யாமல் இயந்திரத்தை இயக்க முடியாது.'

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம்!" கடுகின் குரல் கண்ணாடியில் மோதியது. "கண்ணைச் சோதிக்க மெஷினை ஒரு நாள் நிறுத்தணும். அதுக்கு மனசு வரல. கெடு வந்தா மெஷின் தானா நின்னுடும்னு, கெடுவே வராத மாதிரி காலத்தைத் திருப்பி வெச்சிருக்கீங்க. அந்தத் திருப்பின தேதியாலதான் அவரோட அப்டேட்டும் உள்ள போகல. கண்ணுக்கு மருந்து போடவும் விடல, கண்ணு கெட்டுப்போச்சுன்னு மெஷின் சொல்லவும் விடல. மனுஷனா சார் நீங்க?"

மேனேஜர் சிரித்தார். கடுகு எதிர்பார்க்காதது அந்தச் சிரிப்பு.

"நல்லாத்தான் பேசறீங்க. தேதியைத் திருப்பினது யாரு? இந்தக் கம்ப்யூட்டரைக் காலையில திறக்கிறது யாரு? அவன். யாரோட பேர்ல உள்ள போறாங்க? அவன் பேர்ல. கேளுங்க, அவன் பொண்டாட்டியையே கேளுங்க."

கடுகு திரும்பினாள். ஆபரேட்டரின் மனைவியின் முகம் வெளுத்துவிட்டிருந்தது.

"திங்கக்கிழமை மட்டும் சீக்கிரமா கிளம்புவாரு" என்றாள் மெதுவாக. "கம்ப்யூட்டர்ல தேதி வைக்கணும், ஏதோ லைசன்ஸ் விஷயமாம், மேனேஜர் வைக்கச் சொல்லியிருக்காருன்னு சொல்வாரு. வெச்சுட்டு, மெஷின் ஓடறதுக்குள்ள அந்த அப்டேட்டையும் போட்டுப் பார்ப்பாராம். அவருக்கு என்னம்மா தெரியும்? சொன்னதைச் செஞ்சாரு."

"நான் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" மேனேஜர் அதிகாரியிடம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். தேதியை மாத்தினது அவன்தான்னு அவன் மனைவியே ஒத்துக்கிட்டா. அப்டேட் இல்லன்னா போகட்டும். காகிதத்துல அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடலாம். தப்பு அவனோடதுதான்."

தேதியைத் திருப்பிய அதே விரல்கள், திருப்பிய அடுத்த நிமிஷமே அப்டேட்டைப் போட்டுப் போட்டுத் தோற்றிருக்கின்றன. தான் கட்டும் முடிச்சைத்தான் தானே அவிழ்க்கப் பார்க்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். இப்போது தப்பித்தும் போகப் போகிறார். மணி மூன்று ஐம்பது.

கொழுந்தன்கூட வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி கடுகு பார்த்தது அவன் கல்யாணத்தன்றைக்குத்தான்.

கடுகு அந்தச் சிவப்புக் கட்டத்தையே முறைத்தாள். பதின்மூணு. ஆறு. எட்டு.

எட்டு!

"சார்" என்றாள் அதிகாரியிடம். குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "சீலை உடைச்சுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில இருந்ததையெல்லாம் எழுதினீங்களே. மூலையில என்ன தேதி இருந்தது?"

அதிகாரி தாளைப் புரட்டினார். "ஜூலை எட்டு, புதன்கிழமை."

"சாட்சியா வெச்சுக்கலாமா?"

"நான் எழுதினா சாட்சிதான்."

"ஆபரேட்டருக்கு அடிபட்டது போன வாரம் செவ்வாய். அவரு கடைசியா தேதியை வெச்சது அதுக்கு முந்தின நாள், போன வாரம் திங்கக்கிழமை. ஜூலை ஆறுன்னு வெச்சாரு. அன்னையிலேருந்து யாருமே தொடலன்னா, கம்ப்யூட்டர் கணக்குல இந்த வாரம் திங்கக்கிழமை என்ன தேதி?"

"பதின்மூணு" என்றான் கொழுந்தன். அவன் முகம் மலர ஆரம்பித்தது.

"இன்னைக்குப் புதன்?"

"பதினஞ்சு!"

"பதினஞ்சு இருக்க வேண்டிய இடத்துல எட்டு எப்படி வந்தது?" கடுகு ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "முந்தாநாள், இந்தத் திங்கக்கிழமை, யாரோ இந்த அறைக்குள்ள வந்து தேதியை மறுபடி ஆறுக்குத் திருப்பியிருக்காங்க. ஆபரேட்டர் வரல. அவரு கை கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில தொங்குது. வெளியிலேருந்தும் யாரும் நுழைஞ்சிருக்க முடியாது, இதுக்கு நெட் இணைப்பே கிடையாது. ஒரே சாவி. அது எங்க இருந்துச்சுன்னு நாங்க யாரும் கேக்காமலே ஒருத்தர் சொன்னாரு."

மேனேஜரின் கை அவரை அறியாமல் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"பேட்டரி..." என்றார். "உள்ள பேட்டரி செத்திருக்கும். அதனால தானா தேதி..."

"பேட்டரி செத்தா கம்ப்யூட்டர் அதைச் செஞ்ச வருஷத்துக்கே போயிடும் சார்" என்றான் கொழுந்தன். "வாரம் தவறாம ஜூலை ஆறுக்கு வந்து நிக்காது. உங்களை மாதிரி ஒழுங்கு அதுக்கு வராது."

"சிவப்புக் கட்டம் விசாரணைக்கு வர்றவங்க கண்ணுல பட்டுடும்னு பயந்து வந்தீங்க" என்றாள் கடுகு. "உங்க சீலை நீங்களே பிரிச்சு நீங்களே ஒட்டினீங்க. ரெண்டு வருஷமா இன்னொருத்தர் கையால செய்ய வெச்ச வேலையை, அந்தக் கை போனதும் உங்க கையாலேயே செய்ய வேண்டியதாப் போச்சு. அவரு இருந்திருந்தா இதுக்கும் அவரையே அனுப்பியிருப்பீங்க. வெக்கமா இல்ல? அவரு ரத்தம் காயறதுக்குள்ள இங்க வந்து உக்காந்து தேதி வெச்சிருக்கீங்க. வெச்சுட்டு, அந்தம்மா முன்னாடி மை டப்பாவைத் தள்றீங்க."

அவள் கத்தவில்லை. கொழுந்தனுக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணி கத்தினால் தணிந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "உற்பத்தி நிக்கக் கூடாதுன்னு மேல இருந்து ஒரே நெருக்கடி. நான் தேதியை மட்டும்தான்... விரல் போகும்னு யாரு நினைச்சா?"

"அவரு நினைச்சாரு" என்றாள் ஆபரேட்டரின் மனைவி.

அவள் கடுகிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை. அதிகாரியிடம் கொடுத்தாள். "இதையும் வெச்சுக்குங்க சார். எங்ககிட்ட என்ன எழுதி வாங்கப் பார்த்தாங்கன்னு இருக்கட்டும்."

அதிகாரி வாங்கி, உறையில் போட்டு, எண் குறித்தார். அறிக்கையில் 'பொறுப்பு' என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திறந்தார். ஆபரேட்டர் என்று முன்பே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே வேறொன்றை எழுதி, மேனேஜரிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மேனேஜர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆபரேட்டரின் மனைவி அவரைப் பார்க்கவில்லை. மெஷினின் கம்பங்களில் எரிந்த பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி" என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். "தேதியைச் சரி பண்ணதிலேருந்து அது உள்ள போய் முடியற வரைக்கும் எவ்வளவு நேரமாச்சு?"

கொழுந்தன் அதிகாரியின் தாளைக் காட்டினான்.

"மூணு முப்பத்தொண்ணுலேருந்து மூணு முப்பத்தேழு" என்றார் அதிகாரி தாளைப் பார்த்து. "ஆறு நிமிஷம்."

"அதையும் அறிக்கையில எழுதுங்க சார்" என்றாள் அவள். "ஆறு நிமிஷ வேலைன்னு எழுதுங்க."

அதிகாரி எழுதினார்.